மூன்றரை அடி

மூன்றாவது முறை அளந்தபோதும் கணக்கு உதைத்தது.

வீட்டின் வெளிப்புறம், தெற்கு மூலையிலிருந்து வடக்கு மூலை வரை, ஐம்பத்து நான்கடி ஆறு அங்குலம். உள்ளே கூடம், நடு அறை, படுக்கையறை மூன்றையும், பலகைச் சுவர்களின் கனத்தையும் ஒன்றுவிடாமல் கூட்டினால் ஐம்பத்தோரடி. மூன்றரை அடியைக் காணவில்லை. அரை அங்குலம் குறைந்தால் டேப் தொய்ந்துவிட்டது என்று சொல்லலாம். மூன்றரை அடி தொய்கிற டேப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் செய்யவில்லை.

குழந்தைவேலு அளவுப் புத்தகத்தை மூடிவிட்டு, டேப்பின் மறுநுனியைப் பிடித்திருந்த அழகேசனைப் பார்த்தான். குழந்தைவேலு மராமத்து இலாகாவில் டிராஃப்ட்ஸ்மேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கென்று கப்பலேறி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அழகேசன் அதே இலாகாவில் தச்சு மிஸ்திரி. அவன் இந்தத் தீவிலேயே பிறந்தவன், அந்தக் காலத்தில் கைதியாகக் கொண்டுவரப்பட்ட ஒருவரின் கொள்ளுப் பேரன். அவன் வாயில் தமிழும் இந்தியும் ஒரே சட்டியில் கிளறியதாகத்தான் வரும்.

"நுனியைச் சுவத்தோட ஒட்டிப் பிடிச்சீங்களா மிஸ்திரி?"

"ஒட்டித்தான் பிடிச்சேன் சாப். பக்கா."

"அப்ப மூணரை அடி எங்க போச்சு?"

அழகேசன் டேப்பைச் சுருட்டுவதிலேயே கவனமாக இருந்தான். "புரானா மக்கான் சாப். பழைய வீட்டுல எல்லாத்தையும் அளந்தே தீரணும்னு ஏன் ஜித்து பிடிக்கிறீங்க?" என்றான்.

காணாமல் போன இடம் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குழந்தைவேலு ஜன்னல் ஜன்னலாக ஒப்பிட்டுக்கொண்டு வந்தான். கூடத்தில் சரியாக இருந்தது, நடு அறையிலும் சரியாக இருந்தது. படுக்கையறையின் கடைசி ஜன்னலைத் தாண்டி வெளியே ஆறடிச் சுவர் ஓடியது. உள்ளே இரண்டடியிலேயே வடக்குச் சுவர் வந்து மறித்தது. சுவரின் கனம் அரையடி. மீதி மூன்றரை. அந்தச் சுவரைத் தட்டினான். வைரம் பாய்ந்த மரத்தின் கெட்டியான சத்தம். தூறலில் வெளியே போய்த் தட்டினான், அதே சத்தம். நடுவில் வெற்றிடம் இருந்தால் டொக்கென்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வீடு விக்டோரியா ராணி காலத்தது. கைதிக் குடியிருப்பின் அதிகாரி ஒருவனுக்காகக் கைதிகளே கட்டியது. சீமையில் யாரோ வரைந்த படம் கப்பலில் வந்ததாம். அதை அப்படியே கட்ட வேண்டும் என்று உத்தரவு. அதனால்தான் பனி வழுக்கி விழ வசதியாக அத்தனை செங்குத்தான கூரை. கூடத்தின் மூலையில் குளிர் காய ஒரு கணப்பு. வருஷம் முழுக்க முதுகில் வியர்வை ஓடும் ஊரில் எந்த மகராசன் அதில் விறகு போட்டானோ. இப்போது புகைபோக்கியில் குளவி குடியிருந்தது. சமையல்கட்டு மட்டும் பின்னால் தனியாக, கூரை போட்ட ஒரு நடையின் கோடியில். துரைக்குச் சமையல் வாசனை ஆகாது.

மற்றபடி எல்லாம் படாக், இந்தத் தீவுக் காட்டின் சிவப்பு மரம். கனத்த தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், சிவப்புப் பலகைகள், இறவாரம் நெடுக இழையிழையாக அறுத்தெடுத்த மரப்பின்னல். ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கொத்திய எண் இருந்தது. எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேர வேண்டும் என்பதற்கான அடையாளம். ஆணியே கிடையாது, மர முளைகள்தாம். நாற்பத்தொன்றில் பூமி ஆடியபோது ஊரில் செங்கல் கட்டடங்கள் வாய் பிளந்தன, இது இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நின்றுவிட்டது. பிறகு ஜப்பான்காரன் வந்து இருந்தான். பிறகு அகதிகள். பிறகு இலாகாவின் சிமெண்ட் கோடவுன். கடைசியாக, குவார்ட்டர்ஸ் கிடைக்காத சிப்பந்திகளின் தலையில் கட்ட ஒரு வீடு.

அந்தத் தலை இந்த 1963-இல் குழந்தைவேலுவுடையது. செப்டம்பர்க் கப்பலில் மனைவி மரகதத்தை அழைத்து வந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, அவள் அப்பாவின் முகச் சுளிப்பை மீறி, "அங்க சர்க்கார் வீடு இருக்கு மாமா" என்று சொல்லி அழைத்து வந்தான். இப்போது அவளுக்கு நான்காம் மாதம். இந்தத் தீவில் அவனுக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான். அவளை இந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோய் நல்ல இடத்தில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் மரகதத்துக்கு வீடு பிடிக்கவில்லை. வந்த முதல் வாரமே கேட்டாள்.

"ஏங்க, பக்கத்துல யாரு வீட்ல தச்சு வேலை நடக்குது?"

"பக்கத்து வீடா? இந்தக் குன்றுல நாம மட்டுந்தான். அடுத்த வீடுன்னா கீழ ஃபீனிக்ஸ் பே துறைமுகத்துல நிக்கிற கப்பல்தான்."

"சர்ரு சர்ருன்னு இழைக்கிற சத்தம் கேக்குதுங்க. கட்டில்ல படுத்தா தலைமாட்டுல கேக்குது."

அவன் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு கட்டிலில் தலையைத் தெற்கே மாற்றிவைத்துப் படுத்தாள். அவனுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. வாசனை மட்டும் வந்தது. எண்பது வருஷத்து வீட்டில், புழுங்கலும் வௌவால் எச்சமும் கலந்த காற்றின் நடுவே, அன்று காலையில் இழைத்த பலகையின் வாசனை. மழை பிடித்தால் அது அதிகமானது.

வீட்டைப் பிரித்துவிடப் போகிறார்கள் என்று அக்டோபரில் உத்தரவு வந்தது. பிரிக்கும் முன் அளவு எடுத்துப் படம் வரைந்து கோப்பில் சேர்க்க வேண்டும். படம் தேறினால் வீட்டில் குடியிருப்பவனுக்கு இதே ஊரில், டாலிகஞ்சில், புதிதாகக் கட்டிய சிமெண்ட் வீடு. அந்த வேலை குழந்தைவேலுவிடமே வந்தபோது அவன் சந்தோஷப்பட்டான். தன் வீட்டுக்கான சாவியைத் தானே வரைகிற வேலை என்று மரகதத்திடம் பீற்றிக்கொண்டான்.

தலைமை டிராஃப்ட்ஸ்மேன் திருநாவுக்கரசு பென்சில் படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்னய்யா இது? வெளிய அம்பத்தி நாலரை, உள்ள அம்பத்தொண்ணு?"

"மூணு தடவை அளந்துட்டேன் சார்."

"நாலாவது தடவை பேனாவால அள. டோட்டல் டேலி ஆகலேன்னா இஞ்சினியர் சாப் திருப்பி அனுப்புவார். திரும்பி வந்துதுன்னா ஜனவரிதான். டாலிகஞ்ச்ல பதினெட்டு வீடு, கேக்கறவன் எழுபது பேர். திங்கக்கிழமை என் மேஜைக்கு வரணும், சம்ஜே?"

பேனாவால் அளப்பது என்றால் என்ன என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கூட்டல் உதைக்கும்போது, யாரும் பார்க்காத மூலையாகப் பார்த்து விடுபட்டதை அங்கே நுழைத்துவிடுவது. அலமாரியை இரண்டங்குலம் ஆழமாக்குவது, சுவரைக் கொஞ்சம் தடிப்பாக்குவது. மூன்றரை அடிக்கு இதெல்லாம் போதாது. குழந்தைவேலு டிரேசிங் துணியை விரித்து, படுக்கையறைக்கு வடக்கே, வீட்டின் அகலத்துக்கு ஓர் ஒடுக்கமான அறை வரைந்தான். உள்ளே 'ஸ்டோர்' என்று எழுதினான். கதவில்லாத அறை என்றால் இஞ்சினியர் சிவப்பு மையில் கேள்வி போடுவார். அதனால் இரண்டரை அடியில் ஒரு கதவும் போட்டான். உள்பக்கம் திறக்கிற கதவு. கோடு சுத்தமாக விழுந்தது. அவன் கை அந்த அலுவலகத்திலேயே நல்ல கை. கூட்டிப் பார்த்தான், ஐம்பத்து நான்கடி ஆறு அங்குலம். மனசு லேசாகிவிட்டது.

அன்று புதன்கிழமை. நவம்பரில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் விழுந்துவிடும். குன்றேறி வீட்டுக்கு வந்தபோது மரகதம் அரிக்கேன் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள்; மின்சாரம் வழக்கம்போல் போயிருந்தது.

"அரிசி மூட்டையை ஸ்டோருக்கு மாத்திட்டேங்க. சமையக்கட்டுல எலி."

"எந்த ஸ்டோருக்கு?"

"நம்ம வீட்ல எத்தனை ஸ்டோர் இருக்கு?" என்று சிரித்தாள்.

அவன் விளக்கை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். வடக்குச் சுவரில் கதவு இருந்தது.

இரண்டரை அடிக் கதவு. கீல் இடப்பக்கம், அவன் போட்ட பக்கம். வீட்டின் மற்றக் கதவெல்லாம் எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருந்தன. இது மட்டும் உள்ளங்கைச் சிவப்பு, எண்ணெய் காணாத புது மரம். விரல் வைத்தான். இழைத்த சூடு ஆறவில்லை. கதவின் முன்னால், நடை வழுக்குகிறதென்று அவள் போட்டுக்கொள்ளும் ரப்பர்ச் செருப்பு இரண்டும் சேர்த்து விடப்பட்டிருந்தன. அரிசி இருக்கிற இடத்தில் செருப்போடு போகமாட்டாள்.

"இது எப்பலேருந்து இருக்கு மரகதம்?"

"எதுங்க?"

"இந்தக் கதவு."

அவள் அவனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவன் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். அவனுக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அழகேசனை அழைத்து வந்தான். அழகேசன் படுக்கையறை வாசலோடு நின்றுவிட்டான். அங்கிருந்தே கதவைப் பார்த்துக் கேட்டான்.

"நக்ஷாவுல, படத்துல, போட்டீங்களா சாப்?"

"போட்டேன். கணக்கு டேலி ஆகணும்னு."

அழகேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். மரகதம் சமையல்கட்டில் இருந்தாள். "என் பர்தாதா, கொள்ளுத் தாத்தா, இந்த வீட்டு கேங்க்ல வேலை செஞ்ச ஆளு. பன்னெண்டு பேரு. காகிதத்துல இருக்கிறது வீட்ல இருக்கணும், இல்லேன்னா கசையடி. அவ்வளவுதான் சட்டம், கானூன். பாதி வேலையில துரை காகிதத்தை மாத்திட்டான். இந்தப் பக்கம் இருந்த கமரா, இந்த அறை, வேணாம்னு கோடு அடிச்சுட்டான். சாயங்காலத்துக்குள்ள மூடுன்னான். மூடிட்டாங்க சாப். ராத்திரி கிந்தி பண்ணி தலையை எண்ணினா, பதினொரு பேரு."

"மிச்சம் ஒருத்தர்?"

"ஓடிட்டான்னு எழுதினாங்க. ஓடலே. உள்ள இழைச்சிட்டிருந்தான். அன்னியிலேருந்து இழைக்கிறான்." அழகேசன் படி இறங்கிக்கொண்டே சொன்னான். "பாபியை, உங்க வீட்டம்மாவை, இன்னிக்கே என் வீட்டுக்கு, கராச்சர்மாவுக்குக் கூட்டிட்டு வாங்க. சின்ன வீடுதான், பரவாயில்லே. இங்க விடாதீங்க."

அன்று மாலையே மரகதத்திடம் கேட்டான். நான்கு நாள் கராச்சர்மாவில் இருந்துவிட்டு வரலாம் என்றான். எத்தனை நாளாக அவள் இந்த வீட்டை விட்டுப் போகலாம் என்று நச்சரித்திருக்கிறாள்! இப்போது தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"இப்பத்தாங்க எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. ஸ்டோர்ல எவ்வளவு குளுகுளுன்னு இருக்கு. உக்காந்தா எந்திரிக்கவே மனசு வரல."

அவள் கூந்தலில் ஒரு மரச்சுருள் சிக்கியிருந்தது. சிவப்பாக, மெல்லிசாக, காதோரம். அவன் அதை எடுத்தபோது அவள் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கும் கேட்டது. சர்ர். நிறுத்தம். சர்ர். பலகையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓர் ஆள் அவசரமில்லாமல் நடந்து இழைக்கிற சத்தம், நடுவில் சுருளைத் தட்டிவிடும் நேரம் மட்டும் மௌனம். வெள்ளிக்கிழமை மாலை மரகதம் இரண்டு டம்ளரில் டீயோடு அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து இரண்டு காலி டம்ளரோடு வந்தாள்.

"ரெண்டு டம்ளர் எதுக்கு?"

அவள் கையிலிருந்த டம்ளர்களைப் பார்த்தாள். "தெரியலீங்க," என்றாள், குழந்தை மாதிரி.

அவள் நடைக்குப் போனதும் அவன் விளக்கை உயர்த்திக் கதவைத் திறந்தான். வாசனை முகத்தில் அடித்தது. மூன்றரை அடி அகலம், சரியாக அவன் போட்டது. இரு பக்கமும் புதுப் பலகை. அரிசி மூட்டை, வெங்காயக் கூடை. அதற்கப்பால் தரையில் சுருள்கள், கணுக்கால் ஆழத்துக்கு. வீட்டின் அகலம் பதினான்கடி, அறையும் பதினான்கடிதான் இருக்க வேண்டும். விளக்கின் வெளிச்சம் பதினான்கடியைத் தாண்டிப் போனது. இன்னும் போனது. எதிலும் படவில்லை. அங்கே இழைக்கும் சத்தம் நின்றது. யாரோ திரும்பிப் பார்ப்பதற்காக நிறுத்தினால் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம் நின்றது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் தேடினான். தாழ்ப்பாள் இல்லை. அவன் வரைய மறந்திருந்தான்.

அவளைத் தூக்கிக்கொண்டு போவதென்றாலும் கொட்டுகிற மழையில், வயிற்றுப் பிள்ளைக்காரியை, அந்தச் சரிவில் எப்படித் தூக்குவது? கத்தி அழைத்தால் யாருக்குக் கேட்கும்? இரவெல்லாம் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். விடிகிற நேரத்தில் ஒன்று தோன்றியது. தோன்றியதும் இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை என்று தன் மேலேயே கோபம் வந்தது. அவன் போட்டதால்தானே வந்தது? தப்பாக விழுந்த கோட்டுக்கு டிராஃப்ட்ஸ்மேன் என்ன செய்வான்? பிளேடால் சுரண்டுவான்.

படம் அலுவலகத்தில் இருந்தது. சனிக்கிழமை அரை நாள். மழை சாலையை அறுத்திருந்ததால் சுற்றிக்கொண்டு வீடு வந்து சேர நாலரை ஆகிவிட்டது. டிரேசிங் துணியைத் தகரக் குழலில் போட்டு, குழலைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்தான். கூடத்து மேஜையில் விரித்தான். அழகேசன் சொன்ன பன்னிரண்டாவது ஆள் நினைவில் இருந்தான். அவன் முட்டாள் இல்லை. முதலில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். பின்னாலிருந்து, நடையின் கோடியிலிருந்து, சமையல்கட்டுச் சத்தம் வந்தது. பாத்திரம் கலகலக்கிற சத்தம். குழம்பு கொதிக்கிற மணம்.

"மரகதம், அங்கதானே இருக்க?" என்று கத்தினான்.

மழை. பாத்திரச் சத்தம்.

அங்கேதான் இருந்தாள். சீக்கிரம் முடித்துவிட வேண்டும், அவள் திரும்பி வருவதற்குள்.

புது பிளேடை எடுத்துக் கதவின் மேல் வைத்தான். துணியின் மெழுகுப் பூச்சு கிழியாமல் மையை மட்டும் எடுக்க வேண்டும், பழகின கை. கறுப்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. கதவின் கோடு. கதவு திறப்பதைக் காட்டும் வளைவு. பிறகு 'ஸ்டோர்' என்ற எழுத்துகள், ஒவ்வொன்றாக. பிறகு சுவர். கடைசிக் கோடு போனபோது படுக்கையறையிலிருந்து வந்துகொண்டிருந்த இழைப்புச் சத்தம் பாதி இழைப்பில் அறுந்தது.

வாசனையும் போயிற்று. புழுங்கலும் வௌவாலும் மட்டும் இருந்தன. அந்த நாற்றம் அவனுக்கு அவ்வளவு இன்பமாக இருந்தது. விளக்கோடு ஓடிப்போய்ப் பார்த்தான். வடக்குச் சுவர் முழுசாக, கறுப்பாக, பழையதாக நின்றது. அவன் வாய்விட்டுச் சிரித்தான், கண்ணில் நீர் வரச் சிரித்தான். இப்போதே போய் அவளிடம் சொல்ல வேண்டும், மூட்டை கட்டு, இந்த நிமிஷமே கராச்சர்மா போகிறோம் என்று.

நடையில் மழை சாரலடித்தது. சமையல்கட்டில் அடுப்பு எரிந்தது. குழம்புச் சட்டியின் மூடி ஆவியில் எழும்பி எழும்பி விழுந்து கலகலவென்று ஆடிக்கொண்டிருந்தது.

யாருமில்லை.

"மரகதம்?"

அரிவாள்மணையில் பாதி நறுக்கிய வாழைக்காய். நறுக்கின இடம் கறுக்க ஆரம்பித்திருந்தது. அதாவது அவள் போய்க் கொஞ்ச நேரம் ஆகிறது. அரிசி எடுக்கப் போயிருப்பாள்.

அவன் திரும்பி ஓடினான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தும் கூடத்தைப் பார்த்தான், நடு அறையைப் பார்த்தான், கட்டிலுக்கடியில் பார்த்தான். அதற்கப்புறம் வேறு இடமில்லாமல் விளக்கை வடக்குச் சுவரின் கீழே இறக்கினான். செருப்பு இரண்டும் இருந்தன. சேர்த்து விடப்பட்டு. சுவரைப் பார்த்து.

"ஏங்க."

பக்கத்தில்தான். பலகைக்கு அந்தப் பக்கம், முகத்துக்கு நேராக.

"ஏங்க, விளக்கு அணைஞ்சிருச்சு. கதவு எங்கங்க இருக்கு? தடவிப் பாக்கறேன், கைக்குத் தட்டுப்படல."

"அங்கேயே நில்லு. நகராதே மரகதம். நகராதே!"

விறகுக் கோடாலி. சமையல்கட்டு. நடை. வழுக்கி விழுந்தான், எழுந்தான். முதல் வெட்டு படாக்கில் துள்ளித் திரும்பியது. இரண்டாவது. ஐந்தாவது. பலகை பிளந்தது. பிளவில் கையை விட்டுப் பிடுங்கினான். உள்ளே அரையடி இருட்டு, பிறகு வெளிப் பலகை. அதையும் வெட்டினான். மழை முகத்தில் அடித்தது. கையை நீட்டினான், முழங்கை வரை வெளியே, குன்றின் காற்றில், நனைந்தது. மூன்றரை அடி அங்கே இல்லை. எங்கேயும் இல்லை.

"ஏங்க, என்ன சத்தம் அது? பயமா இருக்குங்க."

குரல் அதே இடத்தில்தான் இருந்தது. அவன் நீட்டிய கைக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

பிறகு இன்னொரு சத்தம் தொடங்கியது. சர்ர். தூரத்தில். சர்ர். கொஞ்சம் பக்கத்தில்.

"யாரோ வர்றாங்க," என்றாள் மரகதம்.

அவன் மேஜைக்கு ஓடினான். மை. ரூலிங் பேனா. விரலிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. சுரண்டின இடத்தில் பூச்சு போய் நூல் நூலாக எழும்பியிருந்தது. அங்கே நேராக மை வைக்கக் கூடாது. மாக்கல் பொடி தடவ வேண்டும், நகத்தால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும், காய விட வேண்டும். முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். கால் மணி நேர வேலை.

"ஏங்க!"

கோட்டை இழுத்தான். ஒரு கணம் கோடாகத்தான் நின்றது. பிறகு நூல்கள் மையைக் குடித்தன. கோட்டின் இருபுறமும் ரோமம் ரோமமாகக் கறுப்பு முளைத்தது. அடுத்த கோடு அதைவிட மோசம். கதவின் வளைவு வளைவாகவே இல்லை, ஒரு திட்டு. துடைத்தான். திட்டு பெரிதானது. அவன் அழுதுகொண்டிருந்தான், அது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

படுக்கையறையில் ஏதோ திறந்தது. கீல் சத்தம் இல்லை. ஈரத்துணியைத் தரையிலிருந்து உரித்தெடுக்கிற சத்தம்.

இழைப்புச் சத்தம் நின்றுவிட்டது.

அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போனான். வேகமாகப் போக முடியவில்லை.

வடக்குச் சுவரில் கதவு இருந்தது. ஆனால் அதற்கு ஓரம் இல்லை. கறுப்பு, கதவளவுக் கறுப்பு, சுற்றிலும் பலகையின் ரேகைகள் வழியே மெல்ல ஊறி, மேலே உத்தரத்தையும் கீழே செருப்புகளையும் தொட்டிருந்தது.

அதிலிருந்து மரகதம் வந்தாள்.

முதலில் சேலை தெரிந்தது. சேலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கரை காற்றில் கசிந்து, கசிந்த இடத்திலிருந்து இன்னும் கசிந்தது. கூந்தல் தோளிலும் தோள் இருட்டிலும் ஓடிக் கலந்திருந்தன. கண்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி இமையின் கோடு இல்லை. கறுப்பு மெல்ல மெல்லக் கன்னத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தபோது வாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பரவியது. வயிற்றின் மேல் ஒரு கையை வைத்திருந்தாள், எப்போதும் வைத்துக்கொள்வது போல. கைக்கும் வயிற்றுக்கும் நடுவே எல்லை எதுவும் இல்லை.

"ஏங்க," என்றாள். அவள் குரல்தான். கொஞ்சமும் மாறாத அவள் குரல். "நான் எங்க முடியறேன்னு எனக்குத் தெரியலீங்க."

இன்னொரு கையை அவனை நோக்கி நீட்டினாள். விரல்கள் எத்தனை என்று எண்ண முடியவில்லை. அவன் பின்வாங்க நினைத்தான். வாங்கவில்லை. அவள் மரகதம். அவளை அவன்தான் கப்பலேற்றி அழைத்து வந்தான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரமாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய மணிக்கட்டின் ஓரம், ரோமம் ரோமமாக, மெல்ல ஊறத் தொடங்கியிருந்தது.